மயிலைக்குப் போகும்

சாயக்காவுக்கு வந்த மெமோவை முதலில் படித்தது நான்தான். உறையைப் பிரிப்பது என் வேலை இல்லை, ஆனாலும் பிரித்தேன். தலைமை அலுவலக முத்திரையோடு இரண்டு பத்தி. அங்கீகரிக்கப்பட்ட நிறப்பட்டியலில் இல்லாத சொற்களைப் பதிவேட்டில் தொடர்ந்து எழுதுவது ஏன்? அனுமதியின்றித் தனிக் குறிப்பேடுகள் வைத்து அவற்றில் மாட்டு மயிரை ஒட்டி வைத்திருப்பது ஏன்? ஏழு நாளில் விளக்கம் தருக, குறிப்பேடுகளை உடனே அப்புறப்படுத்துக. கொலை செய்தவனுக்குக்கூட இவ்வளவு விறைப்பாக எழுதமாட்டார்கள்.

அக்கா அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

"இத்தனை வருஷத்துல தலைமை ஆபீஸ்லேருந்து உருப்படியா வந்த ஒரே பொருள் இதுதான்" என்றார்.

எங்களுடையது ஒரு கால்நடை மருந்தகம். முன் அறையில் பதிவு, பின் அறையில் மருந்து, வாசலில் மாட்டை நிறுத்தி ஊசி போட இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. கன்று பிறந்தால் இங்கே கொண்டு வருவார்கள். காதில் எண் பொறித்த வில்லை குத்துவோம். எண், பாலினம், நிறம், உடையவர் பெயர், இவ்வளவையும் பதிய வேண்டும். அந்த நிறம் என்ற கட்டத்தில்தான் சாயக்கா இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினார். சாயம் என்ற பட்டப்பெயரை வைத்தது முன்பிருந்த கம்பவுண்டர். கிண்டலுக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்கு மாட்டோடு பரம்பரைத் தொடர்பு ஒன்றும் கிடையாது. அவருடைய அப்பா தையல்காரர். சின்ன வயதில் அக்காவின் வேலை, துணித்துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பொருத்தமான நூல்கண்டு வாங்கி வருவது. நூல் ஒரு இழை மாறினாலும் அப்பா திருப்பி அனுப்பிவிடுவாராம். "ஒரே கத்தரிப்பூ நிறத்துக்கு நாலு தடவை நடந்திருக்கேன். நாலாவது தடவை கடைக்காரனே அழுதுட்டான்" என்பார். அந்தக் கண்ணோடு வளர்ந்தவரைக் கட்டியவர் இந்த மருந்தகத்தில் ஊசிக்கு மாட்டைப் பிடிக்கும் உதவியாளர். அவர் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்தபோது பசுவுக்கும் இன்னும் ஈனாத கிடேரிக்கும் வித்தியாசம் தெரியாது என்று அக்காவே சொல்வார்.

முதல் வாரமே சண்டை. வண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்த காளைக்கு அக்கா "சாம்பல்" என்று எழுதியிருக்கிறார். அந்த மனுஷன் எட்டிப் பார்த்துவிட்டுக் குதிகுதியென்று குதித்தாராம்.

"சாம்பலா? எரிஞ்சு முடிஞ்சது சாம்பல். என் மாடு நின்னுட்டிருக்கு, கண்ணு தெரியலையா? மயிலைன்னு எழுதும்மா."

வேறு யாராவது என்றால் முகத்தைச் சுளித்திருப்பார்கள். அக்கா பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் அந்தக் காளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உடம்பு வெளுப்பு. கழுத்திலும் திமிலிலும் தொடையிலும் கரும்புகை ஓடியது போல ஒரு இருட்டு. இரண்டும் எங்கே சேருகின்றன என்று சொல்ல முடியவில்லை. அந்த நூல்கடை முழுக்கத் தேடினாலும் இதற்கு நூல் கிடையாது என்று அன்றைக்கு நினைத்தாராம். சாம்பலை அடித்துவிட்டு மயிலை என்று எழுதினார்.

அதிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் வாயைப் பிடுங்க ஆரம்பித்தார். இது ஏன் செவலை? செம்மை, அதனால் செவலை. சரி. இது ஏன் காரி? கருப்பு, அதனால் காரி. சரி. மயிலை ஏன் மயிலை? இங்கேதான் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மயில் கழுத்து மாதிரி வெயிலுக்குத் தகுந்தபடி மாறும், அதனால் என்றார் ஒருவர். மயில் நீலமாச்சே என்று கேட்டால், எல்லா இடத்திலுமா நீலம், இறக்கையைப் பார்த்திருக்கியா என்று திருப்பிக் கேட்டார். மை கலந்த வெள்ளை என்பதுதான் தேய்ந்தது என்றார் இன்னொருவர். கோழிக்கு மருந்து வாங்க வந்த தமிழ் வாத்தியார் அகராதியைப் பார்த்துவிட்டு வந்து, மயிலை என்றால் ஒரு பூ, ஒரு மீன், அப்புறம் வெள்ளையும் கருப்பும் கலந்த நிறம் என்று மூன்று போட்டிருப்பதாகச் சொன்னார். எது முதலில் வந்தது என்று அக்கா கேட்டதற்கு, அது அகராதிக்கே தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியலை. ஆனா வந்து இத்தனை நாளா வேலை பாக்குது. நம்ம டாக்டர் எங்கேருந்து வந்தார்னு நாம கேட்டோமா?" இது அக்காவின் தீர்ப்பு. டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

குறிப்பேடு தொடங்கியது தையல்காரர் மகளின் புத்தி. கடைகளில் மாதிரித் துணித்துண்டுகள் ஒட்டிய புத்தகம் வைத்திருப்பார்கள் இல்லையா, அதேபோல. வில்லை குத்தும்போது கன்றின் விலாவிலிருந்து ஒரு சிட்டிகை மயிரை வெட்டிப் பசை தடவி ஒட்டுவார். பக்கத்தில் வில்லை எண், தேதி, நிறத்துக்கு உடையவர் சொன்ன பெயர், நெற்றிச் சுழி எந்தப் பக்கம், உடையவரின் கையெழுத்து. ஆறேழு மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தால் மறுபடி ஒரு சிட்டிகை. அடுத்த ஊசிக்கு இன்னொன்று. அப்படி ஒட்டியதில்தான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மாடு வளர்க்கிறவர்களுக்கு அது சாதாரணம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத்தான் தெரியாது. மயிலை மாடு மயிலையாகப் பிறப்பதில்லை. பிறக்கும்போது செங்கல் போலச் சிவப்பாக இருக்கும். சில மாதத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து சாம்பல் தட்டும். ஆகவே அந்தக் கன்றுகளுக்கு அக்கா இப்படி எழுதுவார்: "இப்போது செவலை. மயிலைக்குப் போகும்." தாயையும் தகப்பனையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். என் கண் முன்னால் அது தவறிப்போனதாக ஞாபகம் இல்லை.

நான் வந்தது கம்ப்யூட்டரோடு. இரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கின என்று டாக்டர் சொல்வார். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. மூன்று அலுவலகம் பார்த்தவள் என்ற மிதப்பு. கம்ப்யூட்டரில் நிறத்துக்கு ஐந்தே ஐந்து: வெள்ளை, கருப்பு, பழுப்பு, சாம்பல், கலப்பு. ஒன்றைத் தட்டாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஒருமுறை தட்டிவிட்டால் பூட்டிக்கொள்ளும், தலைமை அலுவலகம்தான் திறக்க வேண்டும். அக்கா பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டவன் மாட்டைப் படத்துலதான் பாத்திருப்பான், அதுவும் கருப்பு வெள்ளைப் படம்" என்றார். காகிதப் பதிவேட்டில் தன் சொற்களையே எழுதிக்கொண்டிருந்தார். நானும் தினமும் முணுமுணுத்துக்கொண்டே ஐந்தில் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பால்காரம்மா ஒரு பெண் கன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு பசுக்களை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். அந்தக் கன்று நல்ல சிவப்பு.

"இவளே, நிறத்தைக் காலியா விடு. இது மயிலைக்குப் போகும்" என்றார் அக்கா.

"காலியா விட்டா நகராதுக்கா."

"அப்போ நகர வேணாம்."

"அக்கா, கண்ணுக்குத் தெரியறதைத்தானே போட முடியும்? இது பழுப்பு" என்று தட்டினேன். பூட்டிக்கொண்டது. அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கன்றின் பக்கத்தில் போய்க் குந்தினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

மெமோ வந்தது ஒரு திங்கட்கிழமை. அதே நாள்தான் பால்காரம்மா ஓடி வந்து, கிடேரி மேய்ச்சலுக்குப் போனது திரும்பவில்லை என்று அழுதார். அந்தச் சிவப்புக் கன்று இப்போது ஏழு மாதச் சினை. பழைய பசுக்களில் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று வற்றிவிட்டது. இனி வீட்டில் பால் என்றால் இந்தக் கிடேரி ஈன்றால்தான். புதன்கிழமை தகவல் கிடைத்தது. தெருவில் திரிந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டியில் நிற்கிறது. வேலிக் கம்பியில் மாட்டிக் காது கிழிந்திருக்கிறது, வில்லையைக் காணோம். பட்டி அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். பால்காரம்மா பெயரில் இருப்பது பழுப்பு மாடு. பட்டியில் நிற்பது சாம்பல். "இது உங்களுது இல்லைம்மா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஏலம்" என்று அனுப்பிவிட்டார்.

பழுப்பு என்று தட்டிய விரல் என்னுடையது. அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் நேரே குறிப்பேடு இருக்கும் அலமாரிக்குப் போனார். அலமாரி காலி.

டாக்டர் நல்லவர்தான், முதுகெலும்பு மட்டும் அடிக்கடி லீவில் போய்விடும். மெமோவின் நகல் தனக்கும் வந்த பயத்தில், பதினோரு குறிப்பேட்டையும் சாக்கில் கட்டிப் பின்வாசலில் போட்டிருந்தார். பழைய ஊசிகளையும் பஞ்சுகளையும் எரிக்க அள்ளிக்கொண்டு போகும் வண்டி மறுநாள் வரும். அக்கா சாக்கைத் தரதரவென்று முன் அறைக்கு இழுத்து வந்து தன் நாற்காலிக்கு முன்னால் போட்டு, அதன் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மா, அது உத்தரவும்மா" என்றார் டாக்டர்.

"தெரியும் சார். எரிக்கிறதுன்னா என்னையும் சேத்து ஏத்தச் சொல்லுங்க. வண்டியில இடம் இருக்கும்."

டாக்டர் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாக்கின் கட்டை அவிழ்த்தேன். ஒன்பதாவது குறிப்பேட்டில் அந்தக் கன்றின் பக்கம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா, பால்காரம்மா, நான் மூன்று பேரும் பட்டியில் நின்றோம். உயரமான மதில், நடுவில் தண்ணீர்த் தொட்டி, நாற்பது ஐம்பது மாடு. ஏலம் எடுக்க வந்தவர்கள் மதிலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிடேரி பால்காரம்மாவைப் பார்த்ததும் கத்தியது. அந்தம்மா கம்பிக்குள் கையை விட்டு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கேட்டார்.

"புல்லு குடுக்கற எல்லாரையும் பாத்துத்தான் மாடு கத்தும். காது கிழிஞ்ச மாடு மாசத்துக்குப் பத்து வருது. எவன் வேணா வந்து என்னுதுன்னு சொல்லலாம். எனக்குப் பதிவுதான் பேசும்" என்றார் பட்டி அதிகாரி. மீசையை மட்டும் பெரிதாக வளர்த்த ஒல்லி மனுஷன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், காகிதத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கப் பயப்படுகிறவர்.

அக்கா பட்டிக்குள் கையை நீட்டினார். "சார், அந்த மூலையில ஒரு பசு நிக்குதே, அது என்ன நிறம்?"

"சாம்பல்."

"அதுகிட்ட பால் குடிக்குதே கன்னு, அது?"

"பழுப்பு."

"அப்போ அந்தப் பசு கன்னைத் திருடிட்டு வந்துருக்கு. கேஸ் போடுங்க சார், ஏன் சும்மா இருக்கீங்க?"

டீ குடித்தவர்களில் ஒருவருக்குப் புரையேறியது. மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாடு தெரிந்தவர்கள் அவர்கள், அதிகாரிக்கு மட்டும்தான் அது புதுச்செய்தி. அவர் முகம் சிவந்தது. "சரிம்மா, நிறம் மாறும். ஒத்துக்கறேன். ஆனா இந்த மாடு அந்தக் கன்னுதான்னு யாரு சொன்னா?"

நியாயமான கேள்வி. அக்கா குறிப்பேட்டைத் திறந்து அவர் மேஜையில் வைத்தார். ஒரே வில்லை எண்ணுக்குக் கீழே மூன்று சிட்டிகை மயிர். முதலாவது செக்கச்செவேல். நடுவிலிருந்தது சிவப்பும் வெளுப்பும் கலந்து கிடந்தது. மூன்றாவது இதோ கம்பிக்குள் நிற்கிறதே, அதுதான். மூன்று தேதி. மூன்று இடத்திலும் பால்காரம்மாவின் கோணல் கையெழுத்து. கீழே, "நெற்றியில் இரட்டைச் சுழி. வலது சுழி மேலே, இடது சுழி கீழே. மயிலைக்குப் போகும்."

அதிகாரி எழுந்து போய்க் கிடேரியின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். இரட்டைச் சுழி. வலது மேலே. திரும்பி வந்து மறுபடி மயிரைப் பார்த்தார். மறுபடி போய் நெற்றியைப் பார்த்தார். கிடேரி அவர் கையை நக்கியது.

"இதை எதுக்கும்மா எழுதி வெச்சீங்க?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"இதுக்குத்தான் சார். இதைத்தான் எரிக்கச் சொல்லியிருக்காங்க."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாட்டை விடுவிக்கும் பாரத்தை அதிகாரி அச்சிட்டுக் கொண்டுவந்தார். அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். நிறம்: சாம்பல். அக்கா பேனாவைத் திறந்தார், மூடினார்.

"இது சாம்பல் இல்ல. மயிலைன்னு போடுங்க."

"பட்டியல்ல இல்லாததை எப்படிம்மா போடறது? மாடுதான் கிடைச்சாச்சே, ஒரு வார்த்தைக்கு ஏன் ஒத்தக்கால்ல நிக்கறீங்க?"

எனக்கும் அதேதான் தோன்றியது. மணி பத்து ஐம்பது. ஏலக்காரர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா, போட்டுத் தொலைங்க என்று என் வாய்வரை வந்துவிட்டது.

"வார்த்தைக்காக இல்ல சார்" என்றார் அக்கா. "ஆபீஸ்ல இவங்க பேர்ல ஒரு பழுப்பு மாடு இருக்கு. நான் இதுல கையெழுத்துப் போட்டா, அந்தப் பழுப்பு மாடு காணாமப் போச்சு, புதுசா ஒரு சாம்பல் மாடு முளைச்சுதுன்னு ஆகும். நாளைக்கு இது மறுபடி வேலி தாண்டினா? அப்ப நான் உயிரோட இருப்பேனா? சிவப்பாப் பிறந்து வெளுத்து நிக்கறது ஒரே மாடுதான்னு சொல்றதுக்கு உங்க அஞ்சுல ஒண்ணு இருக்கா? மயிலைன்னு சொன்னா ரெண்டும் அதுக்குள்ள இருக்கு. அதனாலதான் அந்த வார்த்தை."

அதிகாரி பால்காரம்மாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. உங்க மாடு. இன்னும் பத்து நிமிஷந்தான்."

அந்தம்மா கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "எனக்கு எழுதப் படிக்கச் சரியா வராது சார். ஆனா என் கன்னு பிறந்தன்னிக்கே இது இப்படி ஆகும்னு எழுதி வெச்சது அவங்கதான். அவங்க கையெழுத்துப் போடாத காகிதம் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, பட்டிக் கதவுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏலம் விடணும்னா என்னைத் தாண்டிப் போகட்டும்."

அவ்வளவு பெரிய தைரியத்துக்கு முன்னால் நான் எவ்வளவு சின்னவள் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று அலுவலகம் பார்த்தவளாம். பாரத்தை எடுத்தேன். "இதர குறிப்புகள்" என்று அடியில் நாலு வரி இடம் இருந்தது. யாரும் அதைத் தொட்டதே இல்லை. எழுதினேன்:

"பதிவில் பழுப்பு என்று போட்டது நான். கன்றின் அன்றைய நிறத்தை நிரந்தரமாகப் பூட்டிவிட்டேன். பழுப்பாகப் பதிந்த கன்றும் இந்த மாடும் ஒன்றே. நிறம் மயிலை. பிழை என்னுடையது, மாட்டினுடையது அல்ல."

பெயர், பதவி, தேதி எல்லாம் போட்டேன். மேலே இருந்த சாம்பலின் மேல் ஒரு கோடும் கிழித்தேன். அந்தக் கோடு கிழிக்கும்போது இருந்த சந்தோஷத்தை வாழ்க்கையில் அதிகம் அனுபவித்ததில்லை.

"இதுக்கு உங்களுக்கும் மெமோ வரும்" என்றார் அதிகாரி.

"வரட்டும் சார். எங்க ஆபீஸ்ல இன்னொரு மேஜையும் ஆடுது."

அக்கா பாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு, பால்காரம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். பட்டிக் கதவு திறந்தது.

எனக்கும் மெமோ வந்தது. ஒரே நாளில் இரண்டு பேரும் விளக்கம் எழுதினோம். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அக்கா ஒரே வரி: "மாடு மயிலை என்பதால் மயிலை என்று எழுதினேன், இனியும் எழுதுவேன்." கீழே ஒரு சிட்டிகை மயிரையும் ஒட்டியிருந்தார். டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் என்ன நினைத்தாரோ, "மருத்துவரால் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதித் தானும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முதுகெலும்பு அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பால்காரம்மா வந்தார். மார்போடு ஒரு கன்று. செங்கல் சிவப்பு. கிடேரி, இனிமேல் பசு என்று சொல்ல வேண்டும், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அக்கா கத்தரிக்கோலோடு குந்தினார். நான் எண்ணைத் தட்டினேன், பாலினத்தைத் தட்டினேன், உடையவர் பெயரைத் தட்டினேன். நிறத்தைத் தேர்வு செய்க என்று வந்து நின்றது. ஐந்தையும் காட்டியது.

"நகரலையா?" என்று கேட்டார் அக்கா, தலையைத் தூக்காமலே.

"நகரலைக்கா."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துபோய்ப் பன்னிரண்டாவது குறிப்பேட்டை எடுத்து என் கையெழுத்தில் எழுதினேன்: "இப்போது செவலை. மயிலைக்குப் போகும்." கம்ப்யூட்டர் அன்று முழுக்க நிறத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.